ரேடியோகிராம் மேல் நின்ற விமானம்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா என் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கையில் ஈரத் துணி, என் பழைய பனியனைக் கிழித்தது. நான் கதவருகே சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கத்தியிருக்க வேண்டும். நான்கு மாத வேலை அது. வால் பொருத்தில் பூசிய பட்டி சரியாகக் காயவே இல்லை. ஆனால் அவள் துடைத்த விதம் என்னை நிறுத்தியது. இடது கையால் வயிற்றுப் பகுதியைத் தாங்கியிருந்தாள். மூக்கு நுனியில் ஆரம்பித்து, துணியின் மூலையைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, விமானி உட்காரும் கூண்டின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, காற்று வாய்களுக்குள் விரலை விட்டு எடுத்து, முதுகு வழியாக வாலுக்குப் போனாள். வாலில் துணியைத் திருப்பிப் போட்டாள். ஒரு பொருளை முதல் தடவையாகத் துடைப்பவரின் கை இப்படிப் போகாது. எங்கே திரும்ப வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

“இது மாஸ்டர் வீட்டு பிளேனுல்ல?” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அது 1990 ஜனவரி. எனக்கு இருபத்தைந்து வயது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மூன்று வருடமாக இரவு ஷிப்ட். எல்லோரும் தவிர்க்கிற ஷிப்ட்டை நானே கேட்டு வாங்கினேன். அதற்கு முன் யுனிவர்சிட்டியில் இரண்டு வருடம் படித்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் யுனிவர்சிட்டிக்குப் போகும் கெலுகோர் பஸ் வந்தது, நான் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எதுவும் பொய்யில்லை, எதுவும் காரணமும் இல்லை. சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி, ஒரு ஹால், ஓர் அறை. அப்பா ராமசாமி இறந்து எட்டு வருடம் ஆகிறது. அறை அம்மாவுக்கு. ஹால் எனக்கு. பகலில் ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு தூங்குவேன். தூக்கம் வராத பகல்களில் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டி விமானம் செய்வேன். என் வயதில் மற்றவர்கள் கார் வாங்கினார்கள், பெண் பார்த்தார்கள். எனக்கு இது.

இந்த விமானத்தின் பெயர் டிஎஸ்ஆர்-2. பிரிட்டிஷ்காரர்கள் செய்த குண்டு போடும் ஜெட். நீண்ட மூக்கு, உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சின்ன இறக்கை, முழு வெள்ளை நிறம். 1964இல் முதல் தடவை பறந்தது. 1965 ஏப்ரலில் அரசாங்கம் அதை ரத்து செய்தது. அதற்குள் பறந்திருந்தது ஒரே ஒரு விமானம். மற்றவை பாதி முடிந்த நிலையில் தொழிற்சாலைக்குள்ளேயே நின்றன. பினாங்கில் எந்தக் கடையிலும் அதன் பாகங்கள் அடங்கிய மாடல் பெட்டி கிடைக்காது. அதனால் தொழிற்சாலையில் சிப்புகளை அடுக்கி அனுப்பும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளில் உடைந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, சூடான தண்ணீரில் தட்டையாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிச் செதுக்கினேன்.

விமானம் செய்பவர்களுக்குள் ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவர்கள் நடந்ததைச் செய்ய மாட்டார்கள். நடக்காமல் போனதைத்தான் செய்வார்கள். ரத்தான விமானம் ரத்தாகாமல் இருந்திருந்தால் எந்தப் படைப்பிரிவில் இருந்திருக்கும், என்ன நிறம் பூசியிருப்பார்கள், வாலில் என்ன எண் என்று யோசித்து யோசித்துச் செய்வார்கள். முன்னால் ஒரு சின்ன அட்டையும் வைப்பார்கள். நடக்காத சரித்திரத்தை நடந்ததுபோல் நாலைந்து வரியில் எழுதிய அட்டை. என்னை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டவர் ஹமீதண்ணன். அப்துல் ஹமீது, எங்கள் ஷிப்ட்டில் மெஷின் பழுதுபார்ப்பவர். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். “ஒரு பொய்தான் அலவ்டு தம்பி. ஒன்ன மாத்து, மத்ததெல்லாம் அதுலேருந்து தானா வரணும். ரெண்டாவது பொய் சொன்னா அது கதை, மாடல் இல்ல.”

என் அட்டையில் இருந்த ஒரு பொய், 1965 ஏப்ரலில் அந்த விமானம் ரத்தாகவில்லை என்பது. அதிலிருந்து தானாக என்ன வரும் என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் ஆயா வேலை பார்த்தவள். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் அப்போது ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். குடும்பங்களைத் தீவில் குடிவைத்திருந்தார்கள். இரண்டு, இரண்டரை வருடம் இருப்பார்கள், போய்விடுவார்கள், அடுத்த குடும்பம் வரும். முதல் இரண்டு வீடுகளில் அம்மா காலையில் போய் மாலை ஆறு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மூன்றாவது வீடு தஞ்சோங் பூங்கா என்ற ஊருக்கு மேலே, ஹில்சைட் குடியிருப்பில். 1972. அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்தாள். சாயங்காலம் குளித்து, தலைவாரி, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு எட்டு வயது. அப்போது ஆற்றோரத்தில் பலகை வீடு. சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து ஏழு பேர். சந்திரிகா சித்தி எனக்குச் சோறு போட்டார். குறை சொல்ல எதுவுமில்லை.

அந்த வீட்டுப் பையன் பெயர் ஷேன். அம்மாவின் வாயில் சேனு. மூன்று வயது. அவனுக்கு எந்தப் பக்கம் பல் வலித்தது, எந்தக் காய்கறியைத் துப்புவான், தமிழில் என்னென்ன வார்த்தை கற்றுக்கொண்டான் எல்லாம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அம்மா கொண்டுவருவது அந்தச் செய்திகள்தான். அவளுடைய ஆறு நாள் அவனுக்கு, ஒரு நாள் எனக்கு, அந்த ஒரு நாளும் அவன் பேச்சுக்கு. நான் அவனை வெறுத்தேன் என்று எழுதினால் பெரிய வார்த்தையாக இருக்கும். அவன் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

1973 கிறிஸ்துமஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாஸ்டர், அம்மா அந்த வீட்டுக்காரரை அப்படித்தான் சொல்வாள், விமானத் தளத்தில் இன்ஜின் ஃபிட்டர். பெரிய கைகள், சிவந்த கழுத்து. பின்வாசல் படியில் பீரோடு உட்கார்ந்திருந்தவர் என்னை ஹாலுக்கு அழைத்துப் போனார். ரேடியோகிராம் என்ற பெரிய பாட்டுப்பெட்டி மேல் ஒரு வெள்ளை மரவிமானம் நின்றது. தானே செதுக்கியது என்றார். இங்கிலாந்தில் பிரஸ்டன் பக்கத்துத் தொழிற்சாலையில் அந்த விமானத்தில் வேலை செய்தவராம். ரத்தான பிறகு ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள், நான் கப்பலேறி ஆஸ்திரேலியா போனேன், அங்கே விமானப் படையில் சேர்ந்தேன், அவர்கள் இங்கே அனுப்பினார்கள் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: இதை அவர்கள் கொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஊரை நான் மேப்பில்கூடப் பார்த்திருக்க மாட்டேன். எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. அந்த வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்தது. ஆகவே ஒரு விமானம் ரத்தாகாமல் இருந்தால், மாஸ்டர் இல்லை. மாஸ்டர் இல்லையென்றால் சேனு இல்லை. சேனு இல்லையென்றால் ஆறு மணி பஸ்.

பதினாறு வருடம் கழித்து, உடைந்த பிளாஸ்டிக் தட்டுகளில், அந்த ஆறு மணி பஸ்ஸைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

“கேக்குறேன்ல?” என்றாள் அம்மா. “மாஸ்டர் வீட்டு பிளேனுதானே? ரெண்டரை வருஷம் தெனம் தொடைச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“ஆமா,” என்றேன்.

“சேனுக்குத்தானே செய்யுற?”

நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். மிஸ்ஸி, அதுதான் அந்த வீட்டம்மா, வருடா வருடம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவார். போன மாதம் வந்த கார்டில் ஷேனுக்கு மார்ச்சில் இருபத்தொரு வயது முடிகிறது, பெரிய விருந்து என்று எழுதியிருந்தார். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவனே நான்தான். குனிந்தவன் நிமிர்வதற்குள் அவள் தனக்கு வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா? நாலு மாசமா கமுக்கமா செஞ்சிக்கிட்டு இருக்க. நான் இவன் என்னாடா குப்பையெல்லாம் பொறுக்கிட்டு வரான்னு பாத்தேன்.” என் கன்னத்தைத் தொட்டாள். ஈரத் துணி வாசனை. “நீயும் அவன மறக்கல பாத்தியா.”

மறக்கவில்லை என்பது உண்மைதான்.

“பச்சையும் சாம்பலும் அடிக்கணும்,” என்றேன், வேறு எதையாவது சொல்ல வேண்டும் என்று. “இன்னும் முடியல.”

“பச்சையா? வெள்ளையாத்தானே இருக்கும்?”

“அது சோதனைக்குப் பறந்தது. நெஜமா வேலைக்குப் போயிருந்தா அழுக்கு நெறம் அடிச்சிருப்பாங்க.”

“வேலைக்குப் போறவனெல்லாம் அழுக்குதான்,” என்று என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். “வெள்ளையாவே வுட்ரு. சேனுக்கு வெள்ளையாத்தான் தெரியும்.”

வெள்ளையாக விட்டால் அது நடந்த விமானம். பச்சையும் சாம்பலும் பூசினால்தான் நடக்காதது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு அட்டைப்பெட்டியாக எடுத்து, முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள். மதியம் அவள் கூட்டித் துடைக்கும் பாலர் பள்ளிக்குக் கிளம்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு வேலை செய்து நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை டத்தோ கிராமாட்டில் ஹமீதண்ணன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் பழைய பேப்பரை விரித்து ஒரு ஹெலிகாப்டரின் காலை ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஹபீபா பீவி தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு அலமாரியைக் காட்டினார்.

“ஜெயராஜு, நீயே சொல்லு. அந்தக் கதவு மூனு வருஷமா தொங்குது. அதுக்குப் பசை இல்லையாம். ஹெலிகாப்டருக்கு இருக்கு.”

“அது வேற பசைமா,” என்றார் ஹமீதண்ணன்.

“ஆமா, அது வேற பசை, நான் வேற பொண்டாட்டி. குடி தம்பி, ஆறிடும்.”

அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். இங்கிலீஷில் ஆறு வரி. ஏப்ரல் 1965, அமைச்சரவை விமானத்தை ரத்து செய்யவில்லை. 1969, முதல் படைப்பிரிவு. 1972, இதே விமானம், இதே எண். பிரஸ்டன் தொழிற்சாலையின் ஃபிட்டர்கள் யாரும் வேலை இழக்கவில்லை. அவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார். பினாங்கில் அவர் வீட்டு ஆயா தினமும் மாலை ஆறு மணிக்குத் தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

ஹமீதண்ணன் கண்ணாடியை இறக்கினார். “பைலட் பேரு போடுவான், ஸ்குவாட்ரன் போடுவான். ஃபிட்டருக்கு எவன்டா அட்டை எழுதுறான்? சரி, அது போவட்டும். கடைசி வரி என்னா?”

சொன்னேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை. ஹபீபா அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டார்.

“அம்மா என்னா சொல்றாங்க?” என்றார் ஹமீதண்ணன்.

“அவனுக்குப் பரிசுன்னு நெனச்சிட்டாங்க. பெட்டியெல்லாம் தேடியாச்சு.”

“பினாங்குக்கே வராத ஆளுக்கு பினாங்குல எப்படி ஆயா? மொதல்ல அதே ஒதைக்குது. அதுக்கும் மேல ஒன்னு இருக்கு. அவன் வரலன்னா அந்த ஹில்சைட் வீடு காலியா கெடக்குமா? அடுத்தவன் வருவான். அவனுக்கும் புள்ள இருக்கும்.”

“மத்த ரெண்டு வீட்லயும் அவங்க தங்கலண்ணே. இந்த வீட்லதான் தங்க வச்சிட்டாங்க. அந்தப் பையன் வுடல.”

“யாரு சொன்னா? நீ கேட்டியா?”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

“கேக்கல. ஃபிட்டர் வரல, அது ஒரு பொய். சரி, அலவ்டு. அம்மா வீட்டுக்கு வந்தாங்கங்கிறது ரெண்டாவது பொய். அது ஒன்னாவதுலேருந்து வரல தம்பி. நீ கொண்டாந்து வச்சிருக்க.” பென்சிலால் கடைசி வரியின் மேல் ஒரு கோடு இழுத்து அட்டையைத் திருப்பித் தந்தார். கோபம் வந்தது. எழுந்தேன். ஹபீபா அக்கா வாசல் வரை வந்தார். “குடுத்துரு தம்பி,” என்றார் மெதுவாக. “உங்கம்மா கேக்குறாங்கல்ல. பிளாஸ்டிக்குதானே.” பிளாஸ்டிக்தான். தெரியும். ஆனால் அதைக் கொடுத்தால் என் ஆறு மணி பஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அந்த வீட்டு ஹாலில், அவனுடைய பொருளாக நிற்கும். பதினாறு வருடத்தில் எனக்கென்று நான் செய்த ஒரே பொருள் அவனுக்குப் போகும். வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா ஒரு மைலோ அட்டைப்பெட்டியோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கீழே எங்கள் தாமான் குடியிருப்புக் கடையில் கேட்டு வாங்கியதாம். உள்ளே தமிழ்ப் பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் போட்டிருந்தாள். விமானத்தை இரண்டு கையாலும் தூக்கி அதில் இறக்கினாள். சரியாக இருந்தது. மறுபடி வெளியே எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அம்மா,” என்று ஆரம்பித்தேன்.

“இரு. இதுல என்னமோ தப்பு.”

கண்ணை மூடிக்கொண்டாள். துணி இல்லாமலே துடைப்பதுபோல் விரல்களை இறக்கையின் மேல் ஓட்டினாள். அடிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம். நுனிக்கு வந்ததும் விரல் தானாகக் கீழ்ப்பக்கம் வளைந்து, அங்கே ஒன்றும் இல்லாமல் காற்றில் நின்றது.

“இங்க கை கீழ எறங்கும். ரெண்டு பக்கமும். தூசி அங்கதான் நிக்கும், நகத்தால எடுப்பேன்.”

நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஹமீதண்ணன் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையிலிருந்து நகல் எடுத்துத் தந்தது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். முன்னாலிருந்து பார்க்கிற படம் அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அதை அவர் நகல் எடுக்கவில்லை. பக்கவாட்டுப் படத்தில் இறக்கை நுனி இருக்கும் இடம் கறுப்பாகப் படிந்திருந்தது. நான் அதை மை என்று நினைத்திருந்தேன். மை இல்லை. நுனி கீழே மடிந்திருக்கிறது. நானும் அந்த மரவிமானத்தைப் பார்த்தவன்தான், மாஸ்டர் பேசியதைத்தான் வைத்துக்கொண்டேனே தவிர இறக்கையைப் பார்க்கவில்லை.

தப்பான விமானத்தை யாருக்கும் கொடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. ரம்பப் பிளேடை எடுத்து இரண்டு நுனிகளையும் வெட்டினேன். விளிம்பைச் சரிவாக அரத்தில் தேய்த்தேன். அம்மா தன் விரலைக் கோணமாக வைத்துக் காட்டினாள். “இன்னும் கொஞ்சம். இல்ல, அவ்ளோ வேணாம். ஆ, அப்படி.” பசையைத் தூரிகையால் தொட்டு வைத்தேன். எனக்கு இரண்டு கைதான். “நீ புடிச்சிக்கம்மா. ரெண்டு பக்கமும். அழுத்தாத, சும்மா புடி.”

அவள் இரண்டு கைகளையும் நீட்டி, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு நுனிகளையும் பிடித்தாள். விமானம் எங்கள் இருவருக்கும் நடுவே மேசையில் நின்றது. பசை பிடிக்கும் வரை அவளால் எழுந்து போக முடியாது.

“மிஸ்ஸியா தங்கச் சொன்னாங்க?” என்றேன்.

“எங்க?”

“ஹில்சைட்ல. மத்த ரெண்டு வீட்லேருந்தும் சாயங்காலம் வந்துருவ. அங்க மட்டும் தங்கிட்ட.”

“மிஸ்ஸி எங்கடா சொன்னாங்க. அவங்களுக்கு ராத்திரியில வேத்தாள் வீட்ல இருந்தா புடிக்கவே புடிக்காது. நாந்தான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டு வாங்குனேன்.”

“எதுக்கு?”

“ரூம்பு இருந்துச்சு.”

சொல்லிவிட்டு, அது போதும் என்பதுபோல் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள். “சமையக்கட்டுக்குப் பின்னால. இத்தினிக்கூண்டு ரூம்பு. ஒரு இரும்புக் கட்டிலு, ஒரு ஜன்னலு. கதவுக்கு உள்பக்கமா தாழ்ப்பா இருந்துச்சு. அது வரைக்கும் நான் படுத்த எடத்துல கதவே இருந்ததில்ல. எங்கம்மா வீட்லயும் இல்ல, உங்கப்பா வீட்லயும் இல்ல. உங்கப்பா நல்லவருதான். உன் சித்தப்பாவும் சித்தியும் நல்லவங்கதான். ஆனா ஏழு பேரு. படுத்தா யாரு காலாச்சும் மேல கெடக்கும், யாராச்சும் தண்ணி கேப்பாங்க. அங்க எட்டு மணிக்குத் தாழ்ப்பா போட்டா காலையில ஆறு மணிக்குத்தான். நடுவுல என்னை யாரும் கூப்புட முடியாது.”

“என்னை நெனக்கலையா?”

கேட்ட பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

“நெனப்பேன்லா. நெனைக்காம இருப்பனா?” என்றாள். “நெனச்சிக்கிட்டே தூங்கிருவேன். அந்த மாதிரித் தூக்கம் அதுக்கப்பறம் எனக்கு வரல.”

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. அதில் எனக்கு ஒரு விசித்திரமான நிம்மதி இருந்தது. பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அழும் சத்தமும் விளம்பரமும் மாறி மாறி வந்தன.

“சேனு?” என்றேன்.

“அவனையும் உள்ள வுடமாட்டேன். ராத்திரியில வந்து தட்டுவான், லெச்சுமி லெச்சுமின்னு. சத்தம் போடாம படுத்துக் கெடப்பேன். போயிருவான்.” சுட்டுவிரலை லேசாக மாற்றிப் பிடித்தாள். “ஒரு நாளு போவல. தட்டிக்கிட்டே இருந்தான். காச்சலு அவனுக்கு, எனக்குத் தெரியாது. அவங்கம்மாகிட்ட போவட்டும்னு வுட்டுட்டேன். காலையில கதவத் தொறந்தா கால்ல தட்டுப்படுறான். அங்கயே சிமெண்டுத் தரையில படுத்துத் தூங்கியிருக்கான். ஒடம்பு கொதிக்குது.” விரலிடுக்கில் இருந்த நுனியைக் குனிந்து பார்த்தாள். “மிஸ்ஸிகிட்ட நான் சொல்லவே இல்ல. அதான் அவனுக்கு ஏதாச்சும் அனுப்பணும்னு.”

இத்தனை வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த காட்சி ஒன்று உண்டு. அம்மா அவன் கட்டிலருகே உட்கார்ந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அந்தக் காட்சியில் விளக்கு எரியும், மழை பெய்யும், எல்லாம் இருக்கும். நடந்தது அது இல்லை. அவனும் வெளியேதான் இருந்திருக்கிறான். ஒரே கதவுக்கு வெளியே. அவனுக்குத் தட்டும் தூரத்தில் கதவு இருந்தது, எனக்கு ஏழு மைல்.

மேசை ஓரத்தில் அட்டை கிடந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தாடையால் அதைக் காட்டினாள். “அது என்னா? பெட்டிக்குள்ள வைக்கிறதா? என்னா எழுதியிருக்க, படி.”

பிறந்தநாள் வாழ்த்து என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நான் அட்டையை எடுத்துத் தமிழில் படித்தேன். அரசாங்கம் இந்த பிளேனை நிறுத்தவில்லை. மாஸ்டருக்கு வேலை போகவில்லை. அவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். பினாங்குக்கு வரவே இல்லை.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். கோபமில்லை. கணக்குச் சரிபார்ப்பவள்போல் யோசித்தாள்.

“அப்ப சேனு?”

“அங்கயே பொறந்து அங்கயே வளருறான்.”

“சரி. நல்லதுதான், குளிரான ஊரு, அவனுக்கு இங்க வேர்க்குரு வந்துக்கிட்டே இருக்கும். ஹில்சைட் வீடு?”

“வேற யாராச்சும் இருப்பாங்க.”

“ரூம்பு?”

“தெரியல. பூட்டியிருப்பாங்க.”

“அப்ப நான் எங்க இருக்கேன்?”

அட்டையைப் பார்த்தேன். பென்சில் கோட்டுக்குக் கீழே கடைசி வரி தெளிவாகவே தெரிந்தது. அதைப் படிக்கவில்லை. ஆனால் வாயில் அதுதான் வந்தது. “ஆறு மணி பஸ்ல வீட்டுக்கு வர்ற.”

“தெனமுமா?”

“தெனமும்.”

அம்மா அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். கண் ஜன்னல் பக்கம் போய், அந்தப் பஸ்ஸில் ஏறி, ஆற்றோரத்தில் இறங்கி, பலகை வீட்டு வாசல் வரை நடந்து பார்த்தது போலிருந்தது. அவள் முகத்தில் ஏதாவது வருகிறதா என்று நான் பார்த்தேன்.

“அந்த நேரத்து பஸ்ஸு ரொம்ப கூட்டமா இருக்கும்டா,” என்றாள். பிறகு, “நீ எங்க நிப்ப? பஸ் ஸ்டாண்டுலயா, வீட்லயா?”

“பஸ் ஸ்டாண்டுல.”

“மழையில நிக்காத,” என்றாள்.

நடைபாதையில் பிள்ளைகள் ஓடினார்கள். தரை லேசாக அதிர்ந்தது. அவள் விரல்களை அசைக்காமல் முழங்கைகளை மட்டும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். இரண்டு கைகளும் எனக்கு மிகப் பக்கத்தில், நகக்கண்களில் சோப்புப் பொடி அரித்த வெள்ளைக் கோடுகளோடு, விமானத்தின் இரண்டு பக்கமும் நின்றன.

“கை வலிக்குது. வுட்டுறவா?”

நான் குனிந்து பொருத்தின் மேல் நகத்தை வைத்துப் பார்த்தேன். பசை எப்போதோ பிடித்துவிட்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம்மா,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, பிடியை விடாமல், வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த வெள்ளை இறக்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.